தெற்குக் காற்றின் இரண்டு தட்டு

பெப்ரவரி 9, சனி

காலையில் கதவு திறக்கவில்லை. இரவு கொட்டிய பனி வாசலில் இடுப்பளவுக்கு நின்றது. லியோ யன்னலால் வெளியே இறங்கிப் பனியை வெட்டித்தான் கதவைத் திறந்தார். அறுபது தாண்டியும் யன்னலால் குதிக்கிற மனுசனைக் கட்டியிருக்கிறேன். பெருமைதான். பிறகு முதுகுக்கு எண்ணெய் தேய்ப்பதும் நான்தான்.

மத்தியானம் பெர்னடெட் வந்தாள். ஊரின் தபாற்கந்தோர் அவள் பொறுப்பு. கோவில் மண்டபத்து ஆட்டமும் அவள் பொறுப்புத்தான். எந்தச் சோடி எங்கே நிற்க வேண்டும், எப்போது மாற வேண்டும் என்று மேடையில் நின்று கத்துவதும் அவள்தான். அயர்லாந்திலிருந்து ஐந்து வாத்தியகாரர் வருகிறார்களாம். தவக்காலத்தில் இங்கே ஆட்டம் கிடையாது. மார்ச் 17, அயர்லாந்துப் புனிதர் பத்திரிசியாரின் திருநாளுக்கு மட்டும் விலக்கு. அன்றைக்கு அவர்களும் எங்கள் மண்டபத்துப் பிடில்காரரான லியோவும் சேர்ந்து வாசிக்க வேண்டுமாம்.

"எங்கட 'தெற்குக் காற்று'ப் பாட்டு அவையிட்டையும் இருக்காம், வேற பேரில. எங்கட பாட்டன்மார் அங்கயிருந்துதானே கொண்டு வந்தவை. ரெண்டு கரையும் ஒண்டா வாசிச்சா எப்பிடி இருக்கும், சொல்லு பாப்பம்!"

லியோ சிரித்துத் தலையாட்டினார். அவளுக்குப் பரம சந்தோஷம்.

இந்த நாட்குறிப்புக் கொப்பியில் நான் எல்லாரையும் என் யாழ்ப்பாணத்து இளவாலைத் தமிழில்தான் பேச விடுகிறேன். கனடாவின் இந்த நியூஃபவுண்ட்லாந்துத் தெற்குக் கரை ஆட்களின் ஆங்கிலத்தை எழுதிக் காட்ட என்னால் முடியாது. பேச்சின் இழுவையைக் கேட்டால் எங்கள் ஊர்ச் சந்தையில் நிற்கிற மாதிரித்தான் இருக்கும்.

பெப்ரவரி 12, செவ்வாய்

பனி தள்ளுகிற வண்டி பின்னால் வந்தது. லியோ தெருவின் நடுவே வாளியுடன் நடந்துகொண்டிருந்தார். ஓட்டுநர் ஹோர்ன் அடித்தான், விளக்குப் போட்டான், லியோ ஒன்றுக்கும் அசையவில்லை. நான் வீட்டுச் சட்டையோடு ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிச் சிரித்தான். "கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருசமாகியும் கையை விடமாட்டியள் போல!"

லியோவுக்குக் காது கேட்பதில்லை. ஒரு காது முழுக்கப் போய்விட்டது, மற்றதில் ஏதோ இரைச்சல் மட்டும். கப்பல் இயந்திர அறையில் முப்பது வருசம் நின்றதின் பரிசு. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியவும் கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்.

"தெரிஞ்சா அந்தக் கதிரையை வேறை ஆருக்கும் குடுத்திடுவினம், மலர். கோவத்தில இல்லை, அன்பாத்தான். கேக் வெட்டித்தான் குடுப்பினம். அதைத்தான் என்னாலை தாங்கேலாது."

அந்தக் கதிரை மண்டபத்து மேடையில் பிடில்காரர் இருக்கிற கதிரை. அவருடைய அப்பா இருந்தது. லியோவிடமிருந்து அதை எடுத்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

பெப்ரவரி 16, சனி

இன்று ஆட்டம். வழக்கம்போல் நான் அவருக்குப் பக்கத்தில். இளவாலையில் படித்த வயலின்தான் என் கையிலும் இருக்கிறது. நிலத்தில் சப்பாணி கட்டி வாசித்ததை இங்கே கதிரையில் இருந்து வாசிக்கிறேன். எனக்குக் கொடுத்த வேலை அவரோடு சேர்ந்து மெதுவாக வாசிப்பது. செய்கிற வேலை வேறு. என் குதிக்கால் அவர் சப்பாத்தின்மேல் இருக்கும். பியானோ எந்த வேகத்தில் போகிறதோ, ஆடுகிறவர்களின் கால் எங்கே விழுகிறதோ, அதை நான் கேட்டு அவர் காலில் தட்டுவேன். தனியே வாசித்தால் அவருக்குப் பிரச்சினை இல்லை, பிடில் தாடையெலும்பு வழியாகவே உள்ளே போகிறதாம். மற்றவர்களோடு சேரும்போதுதான் நான் வேண்டும்.

மேசையைச் சுற்றி இருக்கிற பெண்கள் எங்கள் காலைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்கள். என்ன அந்நியோன்னியம் என்று நினைக்கிறார்கள். குதிக்கால் இரவு முழுக்க விண்விண் என்று வலிக்கும். காலையில் வேலைக்குப் போய் முதியோர் இல்லத்தில் எட்டுப் பேரைக் குளிக்க வார்க்க வேண்டும்.

பெப்ரவரி 20, புதன்

தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது. பனியை உருக்கிச் சோறு ஆக்கினேன்.

மார்ச் 5, செவ்வாய்

அயர்லாந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஐவரையும் வீடு வீடாகப் பிரித்தார்கள். எங்களுக்குக் கிடைத்தவள் அவர்களின் பிடில்காரி டிம்ப்னா. வோட்டர்ஃபோர்டில் பள்ளிக்கூட வாத்தி, இப்போது ஓய்வு. நல்ல உயரம், நரைத்த தலை, நாக்கில் மிளகாய். என்னைக் கண்டதும் எல்லாரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள். எண்பத்தாறில் இந்தக் கரை மீனவர்கள் கடலிலிருந்து ஏற்றிய தமிழரில் நானும் ஒருத்தியோ என்று.

"இல்லை அக்கா, நான் பிளேனில, ரெண்டு சூட்கேசோட வந்தனான்" என்றேன். கொஞ்சம் ஏமாந்துதான் போனாள்.

புட்டும் உப்புக் கருவாட்டுக் குழம்பும் வைத்தேன். கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். லியோவிடம் கதை கதையாகச் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் எதிரே இருந்து அவள் சொன்னதை அவருக்கு வாயசைத்து வாயசைத்துத் தாடை நொந்துபோனது.

மார்ச் 7, வியாழன்

மண்டபத்தில் முதல் ஒத்திகை. அதைப் பற்றி எழுதுமுன் இந்தப் பாட்டைப் பற்றி எழுத வேண்டும்.

நான் எதையும் தொடையில் தாளம் போட்டுத்தான் பிடிப்பேன். 'தெற்குக் காற்று' எட்டெட்டாக ஒழுங்காக வரும். இரண்டாம் பகுதியின் நடுவில் மட்டும் எட்டைத் தாண்டி இரண்டு கூட நிற்கும். அந்த இரண்டுக்கும் ஆடுகிற எல்லாரும் பலகை நிலத்தில் டக் டக் என்று மிதித்துவிட்டுத்தான் சோடி மாறுவார்கள். வந்த புதிதில் எனக்கு அது பிழை போலவே பட்டது. இப்போது அந்த இரண்டு இல்லாவிட்டால் படியில் கால் தவறியது போல் இருக்கும்.

டிம்ப்னாவின் ஊரில் இதே பாட்டுக்குப் பெயர் 'சுவாமியாரின் கோழி'. அங்கே அந்த இரண்டும் இல்லை. நேராக ஓடிப்போகும்.

டிம்ப்னாவும் லியோவும் சேர்ந்து தொடங்கினார்கள். நடுவில் அவள் ஓடிவிட்டாள், லியோ நின்று தட்டினார். டிம்ப்னா வில்லைத் தூக்கி நிறுத்தினாள்.

"லியோ, இந்த இடத்தை நாங்கள் கொஞ்சம் கதைச்சு எடுக்க வேணும். ஒருக்கா எங்கட மாதிரி, ஒருக்கா உங்கட மாதிரி வாசிப்பமே?"

லியோ சிரித்தார், தலையாட்டினார், தன் மாதிரியே திரும்ப வாசித்தார். அவள் மறுபடி கேட்டாள். அவர் மறுபடி சிரித்தார், மறுபடி அதையே வாசித்தார். அவளுடைய குரல் அவருக்குப் பின்பக்கத்திலிருந்து வந்தது, வாயசைவும் தெரியாது. நான் காலில் தட்டலாம், 'அவள் சொல்வதைக் கேள்' என்று எப்படித் தட்டுவது? நாலாவது தரம் அவள் முகம் சிவந்து பிடிலைப் பெட்டியில் வைத்தாள்.

பெர்னடெட் மேடைக்குக் கீழே நின்று கை தட்டினாள். "அப்பிடிப் போடு லியோ! எங்கட ரெண்டு தட்டையும் ஒருத்தருக்கும் விட்டுக் குடாதை!"

மார்ச் 8, வெள்ளி

தபாற்கந்தோர்க் கண்ணாடியில் பெர்னடெட் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறாள்: 'எங்கள் இரண்டு தட்டு எங்களுக்கே.' முதியோர் இல்லத்தில் படுக்கையில் கிடக்கிற கிழவர்கூட என்னைக் கண்டதும் கட்டில் சட்டத்தில் இரண்டு தரம் தட்டிக் காட்டினார். மீன் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே கதையாம். அயர்லாந்து ஆட்கள் இருக்கிற வீடுகளில் சாப்பாட்டு மேசையில் சத்தமே இல்லையாம். இங்கிருந்து கடலுக்குப் போய்த் திரும்பாத படகின் நினைவுக்குத்தான் அந்தத் தட்டு என்று ஒருவர், பனிச் சப்பாத்தோடு ஆடிய கால் திரும்ப நேரம் வேண்டும் என்று இன்னொருவர். இதுவரை யாரும் நினைத்தும் பார்க்காத காரணங்கள்.

லியோவைத் தெருவில் காண்கிறவர்கள் முதுகில் தட்டிவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்கு வந்து, "எல்லாருக்கும் என்ன நடந்தது? பனி விட்ட சந்தோஷமோ?" என்று என்னைக் கேட்டார்.

ஓம் என்று தலையாட்டினேன். முழுக் கதையையும் வாயசைத்து, கை காட்டி, எழுதிக் காட்டி விளங்கவைக்க எனக்குச் சீவன் இல்லை. நாளைக்குச் சொல்லலாம்.

மார்ச் 10, ஞாயிறு

பூசையில் சமாதானம் சொல்லுகிற நேரம் பெர்னடெட் டிம்ப்னாவுக்குக் கை கொடுக்கவில்லை. பூசை வைத்த சுவாமியாரே பார்த்துவிட்டார். லியோவுக்கு இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, முன்னறையிலிருந்து ஒரு சத்தம். கழுத்து அறுபடுகிற பூனையின் சத்தம். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடினேன். டிம்ப்னா பிடிலை வைத்து எவ்வளவு கேவலமாக இழுக்க முடியுமோ அவ்வளவு கேவலமாக இழுத்துக்கொண்டு நிற்கிறாள். லியோ அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேசையில் பாணுக்கு வெண்ணெய் பூசுகிறார். ஓரம் வரைக்கும் வடிவாகப் பூசினார்.

அவள் வில்லை இறக்கினாள். என்னைப் பார்த்தாள். நான் காதிலிருந்து கையை எடுத்தேன்.

என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். "எவ்வளவு காலமா?"

"இது ரெண்டாவது பனிக்காலம்."

"இந்த மனுசன் பிடிவாதம் பிடிக்குது எண்டு நான் கடலுக்கு அங்கால ரெலிபோன் எடுத்து ஏசிக்கொண்டிருக்கிறன். ஊர் முழுக்க என்னோட முகம் குடுத்துக் கதைக்குதில்லை. நீர் பாத்துக்கொண்டு நிண்டனீரே?"

"சொல்லாதையுங்கோ எண்டு என்னட்டைக் கேட்டவர், அக்கா."

"அப்ப இவ்வளவு நாளும் நேரம் பிடிச்சது ஆர்?"

நான் என் காலைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். குதிக்கால் வீங்கிக் கறுத்திருந்தது. கதிரையை இழுத்து என்னை இருத்திவிட்டுத் தேத்தண்ணி தானே ஊற்றினாள். பள்ளிக்கூடத்தில் அழுத பிள்ளையைத் தேற்றுகிற மாதிரி முதுகைத் தடவினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சீ, முன்பின் தெரியாத மனுசி முன்னால்.

"நீர் இந்த மண்டபத்தில ஒரு நாளாவது ஆடியிருக்கிறீரே?" என்று கேட்டாள்.

"நான் ஆடினா அவருக்குப் பக்கத்தில ஆர் இருக்கிறது?"

மார்ச் 14, வியாழன்

டிம்ப்னா இறங்கி வந்துவிட்டாள். ஒத்திகையில் எழுந்து நின்று, வந்த வீட்டில் வீட்டுக்காரர் மாதிரி வாசிப்பதுதான் முறை, 'தெற்குக் காற்றை' இரண்டு தட்டோடேயே வாசிப்போம் என்றாள். மண்டபமே எழுந்து நின்று கத்தியது. பெர்னடெட் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்தாள். லியோவைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

டிம்ப்னா செய்தது பெரிய காரியம். நான் நன்றி சொன்னேன். ஆனால் இரவு கட்டிலில் கிடந்தபோது, இனி இது எவ்வளவு காலத்துக்கு என்றுதான் யோசித்தேன். லியோ பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் குறட்டையும் எனக்கு மட்டும்தான் கேட்கிறது.

மார்ச் 16, சனி

லியோவின் வெள்ளைச் சட்டை ஸ்திரி போட்டேன். கருவாடு ஊறவைத்தேன். கால் பரவாயில்லை.

மார்ச் 18, திங்கள்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மண்டபம் நிறைந்து வழிந்தது. நான் மெல்லிய தட்டைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனேன். குதிக்காலுக்கு அதுதான் சுகம். வழக்கமான தடித்த அடிச் சப்பாத்து வாசலிலேயே கிடந்தது. லியோ அதைக் கவனித்தார்.

முன்னேரம் எல்லாம் நன்றாகவே போயிற்று. என் கால் அவர் காலின்மேல், டிம்ப்னா மறுபக்கம். இரண்டு பிடிலும் ஒன்றாக ஓட, டக் டக் என்று இருநூறு கால் விழுந்தபோது எனக்கே மயிர் கூச்செறிந்தது. அயர்லாந்திலிருந்து வந்த மற்ற நாலு பேரும்கூட மிதித்தார்கள். பெர்னடெட்டின் கண்ணில் தண்ணீர்.

கடைசி ஆட்டத்துக்கு முன் அவள் மேடையில் ஏறினாள். "ஒரு நல்ல செய்தி. ஆவணியில எங்கட ஆக்களை வோட்டர்ஃபோர்டுக்குக் கூப்பிட்டிருக்கினம். லியோதான் முன்னுக்கு இருந்து வாசிக்கப் போறார். எங்கட தட்டை அந்த மண்ணிலயே போய்த் தட்டப் போறம்! என்ன லியோ, சம்மதமே?"

லியோ சிரித்துத் தலையாட்டினார்.

எதற்குத் தலையாட்டினார் என்று அவருக்குத் தெரியாது. மண்டபம் அதிர்ந்தது. நான் கையிலிருந்த வில்லைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கடலுக்கு அங்கால், தெரியாத மேடைகளில், தெரியாத கால்களைக் கேட்டுக் கேட்டு நான் தட்டிக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகும் தட்டுவேன். செத்தாலும் யாராவது என் காலை வெட்டி அவர் சப்பாத்தின்மேல் வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்மேல்தான்.

கடைசி ஆட்டத்தில், ஊருக்கு வந்த விருந்தாளி பிடில்காரரின் வீட்டுக்காரியைத்தான் முதலில் ஆடக் கூப்பிட வேண்டும். இங்கே அது பழைய வழக்கம், நான் வந்த பிறகு அப்படி விருந்தாளி யாரும் வந்ததில்லை. டிம்ப்னா பிடிலை வைத்துவிட்டு என் முன்னால் வந்து கையை நீட்டினாள். முழு மண்டபமும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மறுத்தால் மரியாதையில்லை. எழுந்தேன்.

லியோ என்னை நிமிர்ந்து பார்த்தார். மற்றக் காலால் தன் சப்பாத்தைத் தொட்டுக் காட்டினார். நான் படி இறங்கிவிட்டேன்.

மறுபடியும் 'தெற்குக் காற்று'. வாசித்தது அயர்லாந்துக்காரரின் அக்கோடியனும் லியோவும் மட்டும். முதல் சுற்று வடிவாக வந்தது. நானும் ஆடினேன். டிம்ப்னாவின் கை என் இடுப்பில், பக்கத்துச் சோடியில் பெர்னடெட். இரண்டு தட்டு வந்தபோது என் வாழ்க்கையில் முதல் தரம் அதை நிலத்தில் தட்டினேன். இவ்வளவு இனிப்பான விஷயம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த நேரம் லியோவை நினைக்கவே இல்லை.

மூன்றாம் சுற்றில் அவர் முந்தத் தொடங்கினார். அக்கோடியன்காரன் பிடிக்கப் பார்த்தான், முடியவில்லை. பிடில் தட்டுகிற இடத்தில் அக்கோடியன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் மிதித்தார்கள், பாதிப் பேர் திரும்பினார்கள். யாரோ யார்மேலோ முட்டிச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. அக்கோடியன் நின்றது. ஆட்டம் நின்றது.

லியோ வாசித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடி, தாடையைப் பிடிலில் அழுத்தி, முகத்தில் அப்படி ஒரு சுகம். அசையாமல் நிற்கிற நூறு பேருக்கு முன்னால் அவர் ஆட்டத்துக்கு வாசித்தார். பெர்னடெட் கூப்பிட வாயைத் திறந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இன்னொரு தரம் கூப்பிட்டாள். பிறகு கையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் ஒழுங்காக முடித்து, கடைசி இழுப்பை இழுத்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார்.

எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். பிடிலை மடியில் வைத்தார்.

"எனக்குக் காது கேக்காது" என்றார், தேவைக்கு மிஞ்சின சத்தத்தில். "ரெண்டு வருசமாச்சு. மலர்தான் காலில தட்டி என்னைக் கொண்டு போனவ."

பெர்னடெட்தான் முதலில் கேட்டாள். "அப்ப எங்கட ரெண்டு தட்டுக்காக நீ சண்டை பிடிக்கேல்லையே?"

நான் மேடைக்குப் போய் அவர் முகத்துக்கு நேரே நின்று அதை வாயசைத்துச் சொன்னேன். அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"என்ன சண்டை?"

டிம்ப்னாதான் முதலில் சிரித்தது. பிறகு முழு மண்டபமும். பெர்னடெட் தலையில் கை வைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்துவிட்டாள். லியோவும் விளங்காமலே சிரித்தார்.

பிறகு அவர் முன்பு பயந்து சொன்னதுதான் நடந்தது. டிம்ப்னாவை அந்தக் கதிரையில் இருத்தி மிச்ச ஆட்டத்தை முடித்தார்கள். லியோவைச் சுவரோர வாங்கில் வயதுபோனவர்களோடு இருத்தினார்கள். கட்டிப்பிடித்தார்கள், கையைக் குலுக்கினார்கள். கேக் கொடுத்தார்கள். எல்லாம் அன்பாகத்தான். அவர் கேக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆடுகிற கால்களையே பார்த்தார். நான் பக்கத்தில் இருந்தேன். என் கால் நிலத்தில் இருந்தது. அவரைப் பார்க்க நெஞ்சு வெடித்தது. கூடவே, இரண்டு வருசமாகச் சுமந்த ஒன்றை இறக்கின சுகமும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

மார்ச் 19, செவ்வாய்

முதியோர் இல்லத்துக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு மத்தியானம் வரை நித்திரை கொண்டேன். கனவுகூட வரவில்லை.

எழும்பி வந்தால் குசினியில் லியோ. முட்டை பொரித்துக் கருக்கியிருக்கிறார். காலையில் பெர்னடெட் வந்து, ஆவணிப் பயணம் இருக்கிறது, லியோ வாசிக்க வேண்டாம், சும்மா கூட வரட்டும் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாளாம். அவர் அதை எனக்குக் காட்டிவிட்டு அடுப்பில் போட்டார். நேற்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. பிடில் பெட்டி கட்டிலுக்குக் கீழே போய்விட்டது.

டிம்ப்னா சாமான் கட்ட மேலே போனாள். நான் கோப்பைகளைக் கழுவினேன். லியோ வந்து பக்கத்தில் நின்று, என் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினார். கண் சிவந்திருந்தது.

"இஞ்சருமப்பா, ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு நீர் வேணுமெண்டுதானே எழும்பிப் போனனீர்?"

தண்ணீர்க் குழாயைப் பூட்டினேன். கையைத் துடைத்தேன். அவருக்கு என் வாய் நன்றாகத் தெரிகிற மாதிரி நேரே நிமிர்ந்து நின்றேன்.

"எனக்குக் கேக்கேல்லை" என்றேன்.

அவர் என் உதட்டையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேலேயிருந்து டிம்ப்னா என்னவோ ஏதோ என்று ஓடிவரும்வரைக்கும், கண்ணில் தண்ணீர் வழிய, குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.